நிற்க வைத்த வசனம்

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து, வாயில் இரண்டு கவளம் போயிருக்கும். அப்போதுதான் மாடிப்படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும்.

"வந்துட்டாருய்யா" என்று யாராவது முணுமுணுப்பார்கள். அவ்வளவுதான். கிடங்கில் இருக்கிற அத்தனை பேரும் வாயில் உள்ளதை மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். ஒருமுறை மேஸ்திரி அப்படி விழுங்கிய அவசரத்தில் விக்கல் பிடித்துக்கொண்டது. அது ஒரு வாரம் நிற்கவில்லையென்றும், தூக்கத்தில் விக்கிய விக்கலில் அவர் வீட்டுக் கட்டிலின் கால் ஒன்று கழன்று பக்கத்து வீட்டுக்கே ஓடிவிட்டதென்றும் சொல்வார்கள். கட்டில் கால் விஷயத்தை நம்பாவிட்டாலும் பரவாயில்லை. எழுந்து நின்றது மட்டும் நிஜம்.

படியிறங்கி வருகிறவர் முதலாளி. வாடகைக்கு நாற்காலி விடுகிறவர். அந்த ஊரில் மாப்பிள்ளை இல்லாமல்கூட ஒரு கல்யாணம் நடந்துவிடும். இவருடைய நாற்காலி இல்லாமல் நடக்காது. பிறந்த வீட்டிலும் இவர் நாற்காலி, இறந்த வீட்டிலும் இவர் நாற்காலி. வைத்திருக்கிற அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கு ஏறிப்போய், அங்கேயும் நாலு பேரை உட்காரவைத்துவிட்டு இறங்கி வரலாம்.

ஆனால் ஊரில் யாரும் அவரை நாற்காலிக்காரர் என்று சொல்வதில்லை. வசனக்காரர் என்றுதான் சொல்வார்கள். எதற்கெடுத்தாலும் வேதத்திலிருந்து ஒரு வசனம் வைத்திருப்பார். பல்வலிக்கு ஒன்று, பஞ்சரான டயருக்கு ஒன்று. மழையில் மாட்டிக்கொண்டால் குடைக்குப் பதிலாக ஒன்று. வேதம் வாசிக்கும்போது கேட்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவருடைய சபையின் வழக்கம். அந்த வழக்கத்தை அவர் கிடங்குக்கும் கொண்டுவந்துவிட்டார்.

இன்னொரு சட்டமும் அங்கே உண்டு. கிடங்கில் யாரும் நாற்காலியில் உட்காரக்கூடாது. திரும்பி வரும் நாற்காலிகளைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, துடைத்து, அடுக்கி, நீலத் துணியால் மூடி வைப்பார்கள். அதில் யாராவது ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டால் அது கழுவாத நாற்காலி ஆகிவிடும். மறுபடியும் குழாயடிக்குப் போக வேண்டியதுதான். என்றைக்கோ யாரோ ஈரப் பாவாடையோடு உட்கார்ந்து எழுந்த நாற்காலி ஒரு பெரிய மனிதர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டது. மணப்பெண்ணின் பட்டில் கறை பட்டு, பெரிய ரகளையாகிவிட்டது. அன்றைக்குப் போட்ட சட்டம். ஊரையே உட்காரவைக்கிற அந்தக் கிடங்கில், வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் கோணிச் சாக்கு மட்டும்தான்.

குழாயடியில் வேலை செய்கிறவள் தும்பி. ஒல்லியாக, ஓரிடத்தில் நில்லாமல் பறந்து பறந்து வேலை செய்வாள் என்பதால் வந்த பெயர். அவள் புருஷன் அங்கேயே வண்டிக்காரன். நாற்காலிகளை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வருகிறவன். இப்போது தும்பி பறப்பதில்லை. ஆறாவது மாதம். ஒரு கை இடுப்பிலும் ஒரு கை ஈரத் துணியிலுமாக நிற்கிறாள்.

மத்தியான வசனம் அவளுக்காகத்தான். அவளுக்காகக்கூட இல்லை, அவள் வயிற்றில் இருப்பதற்காக.

அது தொடங்கிய கதை இப்படி.

நாலு மாதத்துக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியுமாக மாடி அறைக்குப் போய் நின்றார்கள். வசனக்காரர் சுழல் நாற்காலியில் இருந்தார்.

"நாளைக்கு ரெண்டு பேருக்கும் லீவு வேணுங்கய்யா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றான் வண்டிக்காரன்.

"யாருக்கு என்ன?"

அவன் தரையைப் பார்த்தான். தும்பிதான் சொன்னாள். "மூணாவதுங்கய்யா. இருக்கிற ரெண்டையே ஒரு ரூமுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் படுக்கப்போட்டு வளக்குறோம். வேணாம்னு முடிவு பண்ணிருக்கோம்."

வசனக்காரர் எழுந்த வேகத்தில் சுழல் நாற்காலி தன்னைத்தானே நாலு சுற்றுச் சுற்றியது. வேதத்தைத் திறந்தார். பிறக்காத உயிரைப் பற்றிச் சொல்லும் பகுதி. உலகத்தின் கண்ணுக்குத் தெரியுமுன்னே படைத்தவனின் கண் அந்தச் சிசுவின்மேல் இருக்கிறது என்கிற பக்கம். அவர் அதை வாசித்த விதத்தில் சுவர்க்கடிகாரம் கொட்டாவி விட்டது. ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை மனம் திருந்திப் பறந்து போனது. வாசித்தார், விளக்கினார், மறுபடி வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் கண்ணில் நீர் வந்தது. அது நடிப்பில்லை. அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு குழந்தை வந்து, முகம் காட்டாமலே போயிருந்தது. அதற்குப்பின் வீட்டில் தொட்டில் கட்டவில்லை.

"அது உயிரும்மா. சின்னதா இருக்குங்கிறதுக்காக அது உயிர் இல்லாம போயிடுமா? நான் இருக்கேன். அந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் வராம நான் பாத்துக்கறேன். இந்த வேதத்து மேல சத்தியம்."

தும்பி அழுதுவிட்டாள். வேண்டாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. யாராவது ஒருத்தர் "வெச்சுக்கோ" என்று சொல்ல மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டார். படியிறங்கும்போது வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அது அவளுக்குக் குட்டித் தும்பி.

அன்றிலிருந்து வசனக்காரரும் தரையில் நடக்கவில்லை. சபையில், கடைத்தெருவில், முடிவெட்டிக்கொள்ளும் இடத்தில்கூட, "நான் ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கேன்" என்று சொன்னார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கடைசியில் அவர் ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கே படுத்து மறித்த அளவுக்கு வந்து நின்றது.

ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் தும்பி தனியாக மாடி ஏறி வந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா, கேளு. நம்ம குழந்தைக்கு என்ன வேணும்?"

"குழந்தைக்கு ஒண்ணும் கேக்கலீங்கய்யா. எனக்குத்தான். ரொம்ப நேரம் நிக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. கால் ரெண்டும் வீங்கிப் போகுது. ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டே தொடைக்கட்டுமா?"

வசனக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்; இதைப் போய்க் கேட்கிறாளே!

"நீ உக்காருறதுல எனக்கு என்னம்மா? ஆனா தொழில்னு ஒண்ணு இருக்குல்ல. இன்னிக்கு நீ உக்காருவே. நாளைக்கு ஒருத்தி முழங்கால் வலின்னு உக்காருவா. மேஸ்திரி விக்கல்னு உக்காருவான். அப்புறம் கழுவின நாற்காலின்னு நான் எதை வெளிய அனுப்புறது?"

"ஒடஞ்சது ஒண்ணு மூலையில கெடக்குதுங்கய்யா. அதுல வேணா..."

"ஒடஞ்ச நாற்காலியிலயா! பிள்ளைத்தாச்சியை ஒடஞ்ச நாற்காலியில உக்காரவெச்சு, நீ விழுந்து கிழுந்து வெச்சா? நான் சத்தியம் பண்ணிருக்கேன்மா!"

உண்மையாகவே பதறிப்போய்ச் சொன்னார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. "ஒண்ணு பண்றேன். தெனம் மத்தியானம் நானே கீழ வந்து, உன் குழந்தைக்காக அந்தப் பகுதியை வாசிக்கிறேன். அதைவிடப் பெரிய பாதுகாப்பு எது சொல்லு?"

நாற்காலி கேட்கப் போனவள் வசனம் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

குழாயடியில் தரை எப்போதும் சோப்புத் தண்ணீர். அங்கே உட்கார முடியாது. காலையிலிருந்து நிற்கிற தும்பிக்குக் காலை நீட்டி உட்காரக் கிடைத்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான். சரியாக அந்த நேரத்தில்தான் வசனக்காரர் இறங்கி வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளும் தரையில் கை ஊன்றி, சாக்கைப் பிடித்து, பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள். அவளுக்காக வாசிக்கப்படுவதை அவளே உட்கார்ந்து கேட்கலாமா?

வசனக்காரருக்கு உற்சாகம் கூடக் கூட வாசிப்பும் நீண்டது. அவர் முடித்துவிட்டுப் படியேறும்போது வேலை மணி அடித்துவிடும்.

"கொழந்த வெளிய வந்ததும் அம்மான்னு சொல்லாது, ஆமென்னு சொல்லாது. 'அடுத்த பக்கம்'னுதான் சொல்லும்" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். தும்பியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஊரில் ஒரு மாநாடு வந்தது. எல்லாச் சபைகளும் சேர்ந்து நடத்துகிற மாநாடு. 'கருவும் உயிரே' என்று தெருவெல்லாம் பெரிய பெரிய பேனர். மைதானம் நிறைய நாற்காலி போட வேண்டும், எல்லாம் வசனக்காரருடையது. முக்கியப் பேச்சும் அவருடையது. சந்தோஷத்தில் அவர் சட்டையின் பொத்தான்கள் தாமாகவே தெறித்தன என்று அவருடைய தையற்காரரே சொன்னார்.

அவர் குழாயடிக்கு இறங்கி வந்தார். "தும்பி! மாநாட்டுல நீ மேடையில என் பக்கத்துல நிக்கணும். நான் காப்பாத்தின உயிர் இதோன்னு எல்லாருக்கும் காட்டப் போறேன்."

"நிக்கணுமாங்கய்யா?"

"நின்னாத்தானேம்மா கடைசி வரிசைக்கும் தெரியும்!"

அன்று கிடங்கு மாடியிலேயே இருந்த தன் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அவர் பேச்சை ஒத்திகை பார்த்தார். பின்னால் அவருடைய மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவருடைய வசனங்களை அவரைவிட அதிகமாகக் கேட்டிருப்பவள் அவள்தான்.

"அந்தப் பொண்ணு உக்கார நாற்காலி கேட்டாளாமே?" என்றாள்.

"யார் சொன்னா?"

"வண்டிக்காரன் சொன்னான். குடுக்கலையாமே."

"உனக்குத் தொழில் தெரியாது."

"தெரியாதுதான். நான் வேதத்தைத்தான் கேக்கறேன். அந்தப் பக்கத்தை எப்பப் பாத்தாலும் ஒரே எடத்துல நிறுத்திடறீங்க. அதுக்குக் கீழ கட்டவிரல வெச்சு மூடிக்கிறீங்க. அந்த எடமே கறுத்துப்போச்சு. விரல எடுத்துட்டு, அடியில என்ன எழுதியிருக்குன்னு ஒருநாள் பாருங்களேன்."

"அதெல்லாம் வேற விஷயம்" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடிக்குத் திரும்பினார். கண்ணாடியில் இருந்தவர் அவரை ரசித்துப் பார்த்தார்.

மாநாட்டு நாள். சாயங்காலம் கூட்டம். காலையிலிருந்து கிடங்கு வேலை மும்முரத்தில் பற்றி எரிந்தது. முந்தின நாள் ஒரு விசேஷத்திலிருந்து சேறும் எச்சிலுமாகத் திரும்பி வந்திருந்த நாற்காலிகள் மலைபோல் கிடந்தன. அத்தனையும் சாயங்காலத்துக்குள் பளபளக்க வேண்டும். தும்பி தேய்த்தாள், அலசினாள், துடைத்தாள். வண்டிக்காரன் ஏற்றினான். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அவளைப் பார்ப்பான். அவள் ஒன்றுமில்லை என்று தலையசைப்பாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"மேஸ்திரி, அவளைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க" என்றான்.

"எங்கடா உக்காரச் சொல்ல? என் தலையிலயா?" என்றார் மேஸ்திரி. அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. "சோத்து மணிக்கு உக்காரட்டும்."

சாப்பாட்டு மணி அடித்தது. தும்பி சாக்கை நோக்கி நடந்தாள். போய்ச் சேர்வதற்குள் செருப்புச் சத்தம்.

மாநாட்டு நாள் என்பதால் வசனக்காரர் அன்று விசேஷமாக வாசித்தார். முன்னுரையோடு. ஜரிகைத் துண்டு போட்டிருந்தார். உலகத்தின் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரின்மேல் படைத்தவன் வைத்திருக்கும் அக்கறையைப் பற்றி அவர் குரல் ஏறி இறங்கியது. தும்பி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா..." என்றாள்.

அவர் கண்ணை மூடியபடி கை காட்டினார். "வேதம் வாசிக்கும்போது குறுக்க பேசக்கூடாதும்மா. முடியப்போகுது."

முடியவில்லை. இன்னும் ஒரு பத்தி இருந்தது. அது முடிவதற்குள் அவள் காலடியில் ஓடிய சோப்புத் தண்ணீர் சிவந்தது.

முதலில் பார்த்தது வண்டிக்காரன். அவன் நீலத் துணியை ஒரே இழுப்பாக இழுத்தான். அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி, அவளைத் தாங்கி அதில் உட்காரவைத்தான்.

"டேய், அது கழுவி வெச்ச..." என்று ஆரம்பித்த மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். பழக்கம். அதற்குப் பிறகு அவர் தன் வாயிலேயே அடித்துக்கொண்டது கிடங்கு முழுக்கக் கேட்டது.

தும்பி அந்தக் கிடங்கில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்தது அப்போதுதான். நாற்காலியோடு அவளைத் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினார்கள். சத்தம் கேட்டு இறங்கி வந்த முதலாளியின் மனைவி, காலில் செருப்புகூட இல்லாமல் அவளோடு ஏறிக்கொண்டாள்.

வசனக்காரர் வேதம் திறந்தபடியே நின்றார். "நானும் வரணும்... ஆனா கூட்டம்... எல்லாரும் காத்திருப்பாங்க. மேடையில அந்தக் குழந்தைக்காக ஜனங்க எல்லாரையும் பிரார்த்தனை பண்ணச் சொல்றேன்."

"சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அதானே" என்றாள் மனைவி. வண்டி போய்விட்டது.

சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. வசனக்காரர் மைக் முன்னால் வந்தார். ஆஸ்பத்திரியில் என்ன ஆனதென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எதுவும் ஆகியிருக்காது, தான் சத்தியம் செய்திருக்கும்போது எப்படி ஆகும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். வேதத்தைத் திறந்தார்.

"எல்லாரும் எழுந்து நில்லுங்கள்" என்றார்.

மைதானம் முழுக்கச் சரசரவென்று எழுந்தது. அத்தனை பேரும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாக அத்தனை நாற்காலியும் காலியாக இருந்தது. தும்பி தேய்த்துக் கழுவின நாற்காலிகள். மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளைத்தாச்சி, முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து கொண்டிருந்தாள். இவருடைய வசனத்துக்கு மரியாதை செய்ய.

அவர் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார். கட்டைவிரல் இருந்த இடத்தில் இருந்தது. மெல்ல எடுத்தார்.

அடியில் இரண்டே வரி. எண்ணெய்க் கறைக்குக் கீழே மங்கலாக இருந்தது. சுமக்கிறவர்களை வருத்தாதே, அவர்களுக்கு இளைப்பாற இடம் கொடு; அவர்களுக்குச் செய்வதை எனக்கே செய்கிறாய் என்கிற கருத்தில் இரண்டு வரி.

வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறவர் என்று பெயரெடுத்த மனிதர், மைக் முன்னால் ஊமையாக நின்றார். ஜனங்கள் கால் மாற்றி நின்றார்கள். அவர் வாசிக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. கடைசியில் திரும்பி, தலைமை விருந்தினருக்குப் போட்டிருந்த மெத்தை வைத்த நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். அதைக் கவனிக்காத தலைமை விருந்தினர், எல்லாம் முடிந்ததென்று நினைத்து உட்காரப் போனார். அவர் விழுந்த சத்தத்தை மைக் நாலு தெருவுக்கு ஒலிபரப்பியது. யாரோ சிரித்தார்கள். வசனக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. ஜரிகைத் துண்டு வழியில் எங்கோ விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே விடவில்லை. பெண்கள் பகுதி. வாசலில் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார். வெளியே வந்த டாக்டரம்மா அவருடைய முகத்தைப் பார்த்தே அவர் கேட்க வந்ததைப் புரிந்துகொண்டாள்.

"தாய் பிழைச்சுட்டா. குழந்தை இல்லை."

"நின்னதாலயா டாக்டர்?"

"அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. நிக்க வேண்டாம்னு சொல்லியிருந்தேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

ஆம் என்றிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். இல்லை என்றிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். இரண்டும் இல்லாத அந்தப் பதிலோடு அவர் வாசலிலேயே நின்றார். நாற்காலியில் உட்காரவில்லை.

மறுநாள் வண்டிக்காரன் வந்தான். மண்வெட்டி பிடித்த கையில் மண் ஒட்டியிருந்தது. "பொதைச்சுட்டு வந்துட்டேங்கய்யா" என்றான். "சுத்துறதுக்கு வேற துணி இல்ல. நாற்காலி மூடுற நீலத் துணியிலதான் சுத்தினேன். கழுவி வெச்ச துணிதான்."

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. துணியை எடுத்ததற்குக் கணக்குச் சொன்னான். வசனக்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

"பொண்ணாப்பா, பையனா?"

"பொண்ணுங்கய்யா. அவ அம்மா மாதிரியே ஒல்லியா."

பிறகு ஒருநாள் தும்பியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முதலாளியின் மனைவியைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். வண்டி இன்னும் வரவில்லை. வசனக்காரர் ஓடிப்போய், அந்த மெத்தை நாற்காலியைத் தன் வேட்டி நுனியாலேயே துடைத்து, அவள் பக்கத்தில் போட்டார்.

"உக்காரும்மா. உக்காரு."

தும்பி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்கு உதவியாக இருந்திருக்கும்.

"இப்ப எதுக்குங்கய்யா?" என்றாள். "இப்ப நான் ஒருத்திதானே. ஒருத்தி நின்னுக்குவேன்."

நின்றாள். வண்டி வரும்வரை நின்றாள்.

இப்போது அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் நாற்காலி உண்டு. குழாயடியில் மரப்பலகை போட்டு, அதன்மேல் நாற்காலி. மேஸ்திரி மதியச் சாப்பாட்டுக்குக் கைவைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு சாப்பிடுகிறார். யார் உட்கார்ந்தாலும் மறுபடி கழுவிக்கொள்ளலாம் என்று முதலாளியே சொல்லிவிட்டார். கழுவுவதற்குத் தண்ணீரா பஞ்சம்? இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது அது.

தும்பி வேலைக்குத் திரும்பி வந்தாள். அவளுக்கென்று மெத்தை வைத்த நாற்காலி குழாயடியில் இருக்கிறது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து அதன் மெத்தை வெளுத்துவிட்டது. அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை. யாரும் அதை எடுத்து வேறிடத்தில் போடவும் இல்லை.

மத்தியானச் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. அடுத்த மாநாட்டுக்குப் பேசக் கூப்பிட வந்தவர்களிடம் வசனக்காரர் வரமாட்டேன் என்றார். அவர்கள் விடவில்லை. "நீங்க ஒரு உயிரைக் காப்பாத்தினவராச்சே" என்றார்கள். ஊரில் கதை இன்னும் அப்படித்தான் உலவிக்கொண்டிருந்தது. அவரே வளர்த்துவிட்ட கதை; அவரால் அதை நிறுத்த முடியவில்லை.

போனார். மேடையேறினார். ஜனங்கள் வழக்கம்போல் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க" என்றார். "எல்லாரும் உக்காருங்க. பிள்ளைத்தாச்சிங்க மொதல்ல."

எல்லோரும் உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு, வேதத்தைத் திறக்காமலே, வாழ்க்கையிலேயே மிகச் சின்னதான தன் பேச்சைப் பேசினார்.

"வயித்துல இருக்கிறது உயிர்தான். அதுல எனக்கு அன்னிக்கும் சந்தேகமில்ல, இன்னிக்கும் இல்ல. ஆனா அந்த உயிருக்கு இந்த உலகத்துல இருக்கிற ஒரே வீடு அதோட அம்மா. நான் வீட்டை வெயில்லயும் தண்ணியிலயும் நிக்கவெச்சுட்டு, வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்கு வசனம் வாசிச்சேன். சுமக்கிறவளை மதிக்காம, சுமக்கப்படுறதை மதிக்கிறேன்னு சொன்னா அது பக்தி இல்லீங்க, வெறும் சத்தம். வேதத்தை வாசிக்கிறவங்க விரலை எடுத்துட்டு வாசிங்க."

இறங்கி நடந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் கைதட்டவில்லை. கூட்டத்தின் கடைசியில், நாற்காலி ஏற்றிவந்த வண்டியின் பக்கத்தில் தும்பி நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.